என் முகத்தோடு நம் வீட்டில் இருந்தவள்

கண்ணால் என்னைத் தொலைத்துவிட்டுக் காதால் கடைசிவரை பிடித்து வைத்திருந்த என் செல்ல அத்தாவுக்கு,

ஷமீமா ஸலாம் சொல்லி எழுதுகிறேன். இதை யார் எழுதியதாக நினைத்துப் படிப்பீர்கள் என்பதுதான் என் முதல் சந்தேகம். வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் உங்கள் மகளா, வீட்டில் உங்களுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்த ‘அந்தப் பொண்ணா’? எழுத்துக்கு மூஞ்சியும் கிடையாது, குரலும் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நம் வீட்டுச் செய்தி. வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்த நாலு மாசம் பத்து நாள் இத்தா முடிந்ததும் அம்மா என்னோடு வெள்ளிமலைக்கு வந்துவிட்டாள். குளிரைத் திட்டுகிறாள், சாமைச் சோற்றைத் திட்டுகிறாள், பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் டிரைவரைத் திட்டுகிறாள். நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். கள்ளக்குறிச்சிக் கடையைப் பெரியம்மா மகன் பார்த்துக்கொள்கிறான். வியாபாரம் கொஞ்சம் கம்மிதான், ஆனாலும் புளியும் தேனும் கடுக்காயும் போய்க்கொண்டிருக்கின்றன.

அத்தா, நடந்ததை நான் உங்களிடம் ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்கவும் மாட்டீர்கள். இப்போதாவது கேளுங்கள்.

மலைச் சந்தையில் சரக்கு எடுத்துக்கொண்டு நீங்கள் இறங்கிய ஜீப், வளைவில் கவிழ்ந்தது. உங்கள் தலை பாறையில் மோதியது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அம்மாவைப் பார்த்து, “புளி மூட்டை இன்னா ஆச்சு?” என்று கேட்டீர்கள். அழுதுகொண்டே எல்லோரும் சிரித்தோம். அல்லா காப்பாற்றிவிட்டான் என்று நான் ஓடிவந்து உங்கள் கையைப் பிடித்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். அப்புறம் கையை மெதுவாக, மரியாதையாக உருவிக்கொண்டீர்கள்.

அம்மாவின் காதில் நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது. “யாரு இந்தப் பொண்ணு? நம்ம ஷமீமா மாதிரியே இருக்கா.”

“ஷமீமாதாங்க அது,” என்றாள் அம்மா.

“மூஞ்சி அவ மூஞ்சிதான். ஆனா இது அவ இல்ல. நம்ம புள்ள மலையில இருக்கா. அவளுக்கு சேதி சொன்னீங்களா இல்லியா?”

மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்று நினைத்தோம். அது தெளிந்தது. தையலும் பிரித்தார்கள். நடந்தீர்கள், தொழுதீர்கள், பேப்பர் படித்தீர்கள், பெரியம்மா மகனைப் பேர் சொல்லித் திட்டினீர்கள். எல்லோரும் உங்களுக்கு அவரவராகவே இருந்தார்கள். நான் ஒருத்திதான் வேறு யாரோ.

உங்கள் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அது ஜவுளிக்கடையில் சேலைச் சாயம் போகுமா போகாதா என்று பார்க்கிற பார்வை. நான் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு நெற்றியில் இருக்கிறதல்லவா, அதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கிசுகிசுத்தீர்கள்: “தழும்பு கூட வெச்சிருக்கானுங்க பாரு.”

யார் அத்தா வைத்தது? அந்த ‘னுங்க’ யார்? கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் நீங்கள் பதில் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்து கேட்காமலேயே விட்டுவிட்டேன்.

போன் விஷயம் தெரிந்தது ஆஸ்பத்திரியில்தான். கீழே டீ வாங்கப் போனவள், சர்க்கரை போடலாமா என்று கேட்க அம்மாவுக்கு போன் செய்தேன். எடுத்தது நீங்கள்.

“ஷமீமா! எங்கம்மா இருக்க?” உங்கள் குரல் உடைந்துவிட்டது. “அத்தாவுக்கு கொஞ்சம் அடிபட்டுடுச்சுமா. ஒண்ணும் பயப்படாத. சிக்னல் கெடைக்கலியா? ஏம்மா ஒரு வார்த்த கூட பேசல?”

டீயைக் கீழே வைத்தேனா, போட்டேனா, ஞாபகம் இல்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் மாடிப்படி ஏறி வார்டுக்குள் ஓடினேன். நீங்களும் போனைக் காதில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தீர்கள். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே கல்லாகிவிட்டது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, “அப்புறம் பேசறேம்மா. அந்தப் பொண்ணு வந்துடுச்சு,” என்று ரகசியமாகச் சொன்னீர்கள். அந்த ரகசியம் நேராக ஒரு முறை, போனில் ஒரு முறை, என் காதில் இரண்டு தடவை விழுந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோமே, அங்கே மூளை டாக்டரம்மா ஒருவர் என்னை உட்காரவைத்துப் பேசினார். “ஒரு மூஞ்சியப் பாத்து இது இன்னாருன்னு சொல்றதுக்கு மூளையில ஒரு வழி இருக்கு. பாத்ததும் உள்ளுக்குள்ள ஒரு கதகதப்பு வருது பாருங்க, அதுக்கு வேற வழி. அப்பாவுக்கு ரெண்டாவது வழி அடிபட்டிருக்கலாம்னு நினைக்கிறோம். உங்க மூஞ்சி சரியா தெரியுது. கதகதப்பு மட்டும் வரல. அது ஏன் வரலன்னு மனசு ஒரு காரணம் தேடும். ‘இது என் பொண்ணே இல்ல’ங்கிறதுதான் அதுக்குக் கெடைச்ச காரணம். காதுக்கு வழி வேற. அது நல்லா இருக்கு போல.”

“என்ன மட்டும் ஏன் டாக்டர்? எங்கம்மாவத் தெரியுதே?”

“ரொம்ப ஒட்டுதலா இருந்தவங்ககிட்டதான் அது இல்லாதது தெரியும். மத்தவங்க மேல அந்த அளவு வந்ததே இல்லன்னா, கொறைஞ்சாலும் தெரியாது இல்லியா? இதெல்லாம் எங்களுக்கே முழுசா பிடிபடலங்க.”

வெளியே வந்ததும் இதை அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. “அப்போ இத்தினி வருசம் குடும்பம் நடத்துன என் மேல ஒண்ணுமே வந்ததில்லியாமா? நல்லா இருக்குடி உங்க மூள!” என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சண்டைக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் உங்களுக்கு அவள் போட்ட டீயில் சர்க்கரை கொஞ்ச நாள் கம்மியாகத்தான் இருந்திருக்கும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை அத்தா. பாசம் பாசம் என்று சொல்கிறோமே, அது நரம்பில் ஓடுகிற ஒன்றா? நீங்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனது, ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தது, இதெல்லாம் ஒரு பாறை பட்டால் அறுந்துபோகிற சமாச்சாரமா? அப்படியானால் நான் உங்கள் மேல் வைத்திருந்தது மட்டும் எதில் கட்டியிருந்தது?

நான் லீவு போட்டுக் கள்ளக்குறிச்சி வீட்டுக்கே வந்துவிட்டேன். என் கையால் மாத்திரை கொடுத்தால் துப்பிவிடுவீர்கள். “இதுல இன்னா கலந்திருக்கோ,” என்பீர்கள். நான் பேசினால், “குரலையும் எடுத்துக்கினா பாரு,” என்று அம்மாவிடம் சொல்வீர்கள். சாயங்காலமானால் மொட்டை மாடிக்குப் போய் உங்களுக்கு போன் செய்வேன். அப்போதுதான் நான் உங்கள் மகள்.

மலையில் இருந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற பாறையில் ஏறி நின்றுதானே பேசுவேன், அங்கேதானே சிக்னல் கிடைக்கும். அதனால் உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. “பாறை மேலயா நிக்கற? வழுக்கும், பாத்து,” என்பீர்கள். “மூடுபனி எறங்கிடுச்சா?” என்பீர்கள். காய்கிற துணிகளுக்கு நடுவே வேர்த்து வழிய நின்றுகொண்டு, “ஆமாத்தா, எதிர்ல ஆளே தெரியல,” என்பேன். என் காலுக்குக் கீழேதான் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

“அத்தா, அந்தப் பொண்ணு குடுக்கற மாத்திரைய முழுங்கிடுங்க. அவள எனக்குத் தெரியும். நல்லவதான்.”

“நீ சொன்னா சரிம்மா. ஆனா நீ சீக்கிரம் வந்துடு. நீ வர்றப்போ அவ உன் எடத்துல ஒக்காந்துக்கினு இருந்தா இன்னா பண்றதுன்னே தெரியல. அத நெனச்சாதான் பயமா இருக்கு.”

பேசி முடித்துக் கீழே வருவேன். நீங்கள் அப்போதுதான் போனை மடியில் வைத்திருப்பீர்கள், முகத்தில் சிரிப்பு மிச்சம் இருக்கும். நான் உள்ளே நுழைய நுழைய அது வடியும். தினமும் அதைப் பார்க்கவேண்டியிருந்தது.

இதற்கு நடுவில் உளுந்தூர்பேட்டையிலிருந்து பெரியம்மா வந்தாள். உங்களை நலம் விசாரித்துவிட்டு, நேராகச் சமையலறைக்கு வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையில் அடிபட்டவருக்கு மந்திரிக்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

“மலையில வேலை பாக்குற பொண்ணு,” என்று அம்மாவிடம் ஆரம்பித்தாள். “பொழுது சாஞ்சு மக்ரிப் நேரத்துல பாறை மேல தனியா நின்னு பேசிக்கினு இருந்திருக்கா. அங்கருந்து இன்னா எறங்கி வந்துச்சோ யாரு கண்டா? அடிபட்ட மனுசன் கண்ணுக்குத் தெரியுது, நமக்குத் தெரியல. அவ்ளோதான்.”

“இன்னாக்கா பேசற நீ?” அம்மா கரண்டியோடு பாய்ந்தாள்.

“சும்மா இருடி. ஏம்மா, நீ எங்கே, கலிமா சொல்லு பாப்போம்.”

எனக்கு ஆத்திரம் வந்தது. படித்த பிள்ளை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், என்னைப் போய் ஜின் பேயோ என்று சோதிக்கிறாளே. வேண்டுமென்றே கணீரென்று ஆரம்பித்தேன். பேச வாய் திறந்த நாளிலிருந்து சொல்லி வருகிற கலிமா. நடுவில் நாக்கு நின்றுவிட்டது. ஒரு நொடிதான், சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் அந்த ஒரு நொடியில் பெரியம்மா குனிந்து என் பாதம் ஜின்னுக்கு இருப்பதுபோல் பின்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள்.

அம்மாவை நான் குற்றம் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் நானேதான் என் காலைப் பார்த்துக்கொண்டேன்.

அதிலிருந்து எனக்கும் ஏதோ ஆகிவிட்டது அத்தா. கண்ணாடியில் தலை வாரும்போது, ‘இவள் ஷமீமா மாதிரி நன்றாகத்தான் இருக்கிறாள்’ என்று தோன்றும். உடனே சிரித்துவிடுவேன். சிரிப்பது முதலில் நானா, கண்ணாடியில் இருப்பவளா என்று கவனிப்பேன். இது இன்னும் போகவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஒருநாள் மாடியில் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு நீண்டுவிட்டது. தெருமுனைப் பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு ஆரம்பித்தது. உங்கள் ஜன்னல் வழியாக ஒரு காதிலும், என் போன் வழியாக இன்னொரு காதிலும் அது உங்களுக்குக் கேட்டிருக்கிறது. பேச்சை நிறுத்திவிட்டீர்கள்.

“ஷமீமா. மலையில ஏதும்மா நம்ம பள்ளிவாசல் மோதினார் குரலு?”

“யாரோ செல்போன்ல வெச்சிருக்காங்கத்தா,” என்று உளறினேன்.

நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். “உன்ன மிரட்டறாளாம்மா? போன புடுங்கிக்கினாளா? பக்கத்துலதான் நிக்கிறாளா?”

“இல்லத்தா, நான்தான்... நான் மட்டும்தான்.”

“சரி, சொல்லு. சின்னப் புள்ளையில சந்தைக்கு வந்தா நீ எதப் பாத்து பயப்படுவ?”

“ஆட்டுத் தலையப் பாத்து. கண்ண மூடிக்கினு உங்க லுங்கிய புடிச்சிக்கினே நடப்பேன்.”

“ஆமா,” என்றீர்கள். கொஞ்சம் கழித்து, “அதையும் அவ உன்கிட்டருந்து கத்துக்கினு இருப்பா,” என்றீர்கள். போன் வைக்கிற சத்தம் கேட்டது.

நான் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முகம் ஏற்கெனவே போய்விட்டது. குரலும் போய்விட்டால் உங்களிடம் வர எனக்கு வேறு வழியே இல்லை. பயம் என்றால் அதுதான் பயம்.

லீவை நீட்டிக் கேட்க எப்படியும் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டியிருந்தது. மறுநாளே பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போனேன். ஹெட்மாஸ்டரைப் பார்த்துவிட்டு நேரே பாறைக்குப் போனேன். நிஜமான பாறை, நிஜமான பனி. பொய்யில்லாமல் ஒருதரம் உங்களிடம் பேசிவிடவேண்டும் என்று போன் செய்தேன்.

“இன்னா காத்து சத்தம்!” என்றீர்கள். “இன்னிக்குத்தான் நீ மலையில இருக்கிற மாதிரியே இருக்கு.” அப்படியானால் மற்ற நாளெல்லாம்? ஆனாலும் நம்பிவிட்டீர்கள், குரல் பிழைத்துவிட்டது என்று அல்லாவுக்கு நன்றி சொன்னேன்.

அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். “ஷமீமா, தப்பா எடுத்துக்காத. அந்தப் பொண்ண காலையிலருந்து காணோம். அம்மாவக் கேட்டா மழுப்பறா. எங்கனா அனுப்பிட்டீங்களா?”

“எதுக்குத்தா கேக்கறீங்க?”

“ஒண்ணும் இல்ல. அவ நடக்கற சத்தம் இல்லாம வூடு ஒரு மாதிரியா இருக்கு. சாப்ட்டாளோ இல்லியோ. நான் அவகிட்ட நல்லதா ஒரு வார்த்த பேசினதில்ல. பாவம், யாருமில்லாதவ போல.” அவசரமாகச் சொன்னீர்கள்: “உன் எடத்துல அவள வெச்சுட்டேன்னு நெனச்சிக்காதம்மா. உன் எடம் வேற.”

அத்தா, எனக்குப் பொறாமை வந்தது. சத்தியமாக வந்தது. உங்கள் மகளாக இருந்து நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதே சமயம் அவளாக இருந்து அழுதேன். என் முகத்துக்கான வழி அறுந்துவிட்டது என்றுதானே டாக்டரம்மா சொன்னார்? அப்படியானால் இந்தப் புது வழியை யார் வெட்டியது? கஞ்சியும், கால் பிடித்துவிட்டதும், வீட்டுக்குள் நான் நடந்த சத்தமும் போதுமா அதற்கு? அவரிடம் கேட்கவேண்டும் என்று இருக்கிறேன். அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து இறங்கி வந்தேன். ஜன்னலோரம் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும், “வந்துட்டியா,” என்றீர்கள். கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு உட்கார இடம் விட்டீர்கள். மகள் என்று நினைத்து இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம் நீங்கள் அவளோடு பேச ஆரம்பித்தீர்கள். எந்த ஊர் என்று கேட்டீர்கள், மலைப்பக்கம் என்றேன். என் மகளும் அங்கேதான் டீச்சர் என்று பெருமையாகச் சொன்னீர்கள். அவளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். நான் எனக்கே தெரியாத என்னைப் பற்றி எவ்வளவோ கேட்டுக்கொண்டேன் அத்தா. எந்தப் பிள்ளைக்கு இது கிடைக்கும்? அவள் கோபக்காரி என்றீர்கள், ஆனால் கோபத்தில் சாப்பிடாமல் படுத்தால் நீங்களும் சாப்பிட மாட்டீர்களாம், அவளுக்கு அது தெரியாதாம். எனக்கு அது தெரியாதுதான்.

பிறகு உங்கள் நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் இருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கடைசி நாளன்று மத்தியான லுஹர் தொழுகை முடிந்து எல்லோரும் வந்து நின்றார்கள். உங்கள் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. என் கை உங்கள் கைக்குள் இருந்தது.

அம்மா என் போனை எடுத்து என் மடியில் போட்டாள். “மாடிக்குப் போடி. கடைசியா ஒரு தடவ அவரு மவ குரலக் கேக்கட்டும். நான் என் போன அவரு காதுல வெச்சிக்கினு இருக்கேன், ஓடு.”

எழுந்தேன். உங்கள் விரல்கள் இறுகின. மாடிக்குப் போனால் நீங்கள் மகளோடு பேசிக்கொண்டே போவீர்கள், ஆனால் உங்கள் கையில் யாரும் இருக்கமாட்டார்கள். இங்கேயே இருந்தால் உங்கள் மகள் கடைசிவரை வரவே இல்லை என்று ஆகிவிடும். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான முடிவை நான் எடுத்ததில்லை. அம்மா “போடி, போடி” என்று என்னைத் தள்ளினாள். நான் போனை அணைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன். நான் யாரோவாகவே இருந்துவிட்டுப் போகிறேன், கை மட்டும் காலியாக வேண்டாம் என்று நினைத்தேன். சரியா அத்தா? தப்பா? அம்மா இன்றைக்கும் தப்பு என்றுதான் சொல்கிறாள்.

கண்ணைத் திறந்து என்னைத் தேடிப் பார்த்தீர்கள். அந்தச் சேலைக்கடைப் பார்வை அப்போது இல்லை. “ஷமீமா எறங்கி வர நேரமாவும்,” என்றீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டீர்கள். “யாரு பெத்த புள்ளையோ நீ. உங்கத்தா குடுத்து வெச்சவரு.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் உங்கள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

“எனக்கு எல்லாம் ஆச்சு,” என்றீர்கள். “நீ கெளம்பும்மா. அவருகிட்ட போ. உன்ன எதிர்பாத்துக்கினே இருப்பாரு.”

வருவேன் அத்தா. அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் இங்கே இருக்கவேண்டும், அதனால் கொஞ்சம் தாமதமாகும். ஆனால் நீங்கள் சொன்ன மாதிரியே, நேராக அவரிடம்தான் வருவேன்.

இப்படிக்கு,
அவர் பெற்ற பிள்ளை,
உங்கள் மகள்
ஷமீமா